வண்டிச் சத்தம்

எங்கள் தெருவில் வண்டியை ரிப்பேருக்குக் கொண்டுவருகிறவர்கள் வாயைத் திறந்து கூப்பிடுவதில்லை. பட்டறை வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் ஆக்ஸிலேட்டரை ரெண்டு தரம் முறுக்குவார்கள், அவ்வளவுதான். உள்ளே குனிந்து வேலையாக இருக்கும் மெக்கானிக் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். “இன்ஜினுக்குள்ள டேப்பெட் அடிக்குது. ஓரமாப் போட்டுட்டு சாயங்காலம் வாங்க” என்பார். முதல் தடவை வருகிறவர்கள், என்ன இந்த ஆள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே என்று சுளிப்பார்கள். சாயங்காலம் வண்டியை எடுத்துப் போகும்போது சுளிப்பு போயிருக்கும். அதனால் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் கரண்ட் பில்லில் இருந்தால் உண்டு.

பட்டறைக்கு நேர் எதிரே என் இஸ்திரிக் கடை. கடை என்றால் ஒரு மேசை, மேலே தகரம், பின்னால் துணி மூட்டை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே வேலை. பார்வை போக வேறு இடமில்லை. காதுக்காரர் குடும்பத்தை நான் பார்த்த அளவுக்கு அவர்களுடைய சொந்தக்காரர்களே பார்த்திருக்க மாட்டார்கள். தெருவில் நடப்பதைப் பார்க்காதீர்கள் என்று என் வீட்டில் தினமும்தான் சொல்கிறார்கள். சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது?

பட்டறையின் முன்பாதி அவருக்கு, பின்பாதி அவர் சம்சாரத்துக்கு. அவள் பழைய தையல் மெஷினில் வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பாள். ரெக்ஸின் தடியான சாமான், ஊசி இறங்காது. காலால் மிதிக்க மிதிக்க அவள் தோள்பட்டை ரெண்டும் ஏறி இறங்கும். முன்னால் கம்ப்ரஸர் உறுமும், பின்னால் மெஷின் ஓடும், நடுவில் அவர் சுத்தியல் வேறு. இந்த இரைச்சலுக்குள் இருந்துகொண்டு ஒரு மனிதர் எப்படித்தான் வால்வு சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்கிறாரோ என்று எனக்கு ஆச்சரியம். அவர்களுடைய பெண் ஸ்கூல் விட்டு வந்தால் பாதி கழற்றிய வண்டி ஏதாவது ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். மத்தியானம் கதவோரம் பேப்பரை விரித்து, சோறும் முட்டையும் தக்காளிக் குழம்புமாக மூன்று பேரும் சாப்பிடுவார்கள். சில நாள் எனக்கும் ஒரு தட்டு வரும்.

அப்படி இருந்த குடும்பம். அவர் செய்த தப்பு, ஒன்றைப் பார்த்ததும், பார்த்தேன் என்று சொன்னதும்தான்.

மெயின் ரோட்டு சிக்னல் பக்கத்தில் ஒரு பழ வண்டிக்காரர் நிற்பார். அந்த இடம் யாருக்கு என்று வேறு ஒருத்தனோடு தகராறு. ஒரு நாள் காலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்கினான், பழக்காரரைக் குத்தினான், ஏறினான், வண்டி போய்விட்டது. பழக்காரர் அங்கேயே செத்துப்போனார். சிக்னலில் அத்தனை பேர் நின்றார்கள். போலீஸ் வந்து கேட்டபோது ஒருத்தர் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார், ஒருத்தர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். ரிப்பேர் செய்த வண்டியை ஓட்டிப் பார்க்கப் போயிருந்த காதுக்காரர் மட்டும், “நான் பாத்தேன் சார்” என்றார். குத்தினவனுடைய முகத்தை அடையாளம் காட்டினார். வண்டி ஓட்டினவன் ஹெல்மெட் போட்டிருந்ததால் அவன் யார் என்று தெரியவில்லை. ஆனால் அந்த வண்டிச் சத்தத்தை எங்கே கேட்டாலும் சொல்லிவிடுவேன் என்றார். அந்தப் பேச்சுதான் வினையாகப் போயிற்று. போலீஸ் ஸ்டேஷனில் பேசுவது போலீஸ் ஸ்டேஷனோடு நிற்பதில்லை.

குத்தினவன் பிடிபட்டான், சில மாதத்தில் ஜாமீனில் வெளியே வந்தான். அதற்கு மறுவாரத்திலிருந்து அந்த வண்டி எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்தது. சாயங்கால நேரம், பெண்கள் குழாயடியில் நிற்கும் நேரம். ஹெல்மெட் போட்ட ஒருத்தன் ஓட்டிக்கொண்டு மெதுவாக வருவான். பட்டறை வாசலில் நிறுத்துவான். ஆக்ஸிலேட்டரை ரெண்டு தரம் முறுக்குவான். போய்விடுவான். ஒரு வார்த்தை பேசியது கிடையாது. சத்தத்தை வைத்து அடையாளம் சொல்லுகிறவனுக்குச் சத்தத்தையே அனுப்பி வைத்தார்கள். யோசித்துச் செய்தவன் மூளைக்காரன்தான், நாசமாய்ப் போக.

முதல் நாள் அவர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. நான் என்னவோ கை வழுக்கிவிட்டது என்று நினைத்தேன். “அண்ணே, அதான் அந்த வண்டி” என்றார்.

ஸ்டேஷனுக்குத் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த ஏட்டு கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் பேச்சு இப்படித்தான் போயிற்று.

“வந்தவன் என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல சார்.”

“கத்தி கித்தி காட்டினானா?”

“இல்ல சார். வண்டியை நிறுத்தி ரெண்டு தரம் முறுக்கினான்.”

“உங்க பட்டறைக்கு வர்றவங்க எல்லாரும் அப்படித்தான முறுக்குவாங்க? என் வண்டியையே நான் அப்படித்தான கொண்டு வந்தேன்?”

“இது அந்த வண்டி சார். சைலன்ஸர்ல வெல்டு வச்ச எடம் விட்டிருக்கு, அதோட டேப்பெட்டும் அடிக்குது. ரெண்டும் சேந்து அந்த மாதிரி சத்தம் வேற வண்டிக்குக் கெடையாது.”

“நம்பர்?”

“சேறு பூசியிருந்துச்சு.”

ஏட்டு பேனாவை மூடி வைத்தார். “தெருவுல ஒரு வண்டி போச்சு, சத்தம் வந்துச்சுன்னு எழுதிக் குடுக்கறீங்க. நான் அதை எந்த செக்‌ஷன்ல போடறது? நீங்களே சொல்லுங்க, போடறேன்.”

“எனக்கு செக்‌ஷன் தெரியாது சார். எனக்குப் பயமா இருக்கு, அது தெரியும்.”

“ஏதாவது நடந்தா உடனே போன் பண்ணுங்க.”

“நடந்த பெறகா சார்?”

டீ ஆறிப்போயிற்று. வரும் வழியில் பக்கத்தில் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் காதுக்காரர் தலை திரும்பியது.

அப்புறம் பட்டறை கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. வேலை பார்க்கிற ஸ்டாண்டைத் தெருவைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். கம்ப்ரஸரை ஓட்டுவதை விட்டார், காற்றடிக்க வருகிறவர்களை அடுத்த தெருவுக்கு அனுப்பினார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிற வேலைகளை எடுப்பதில்லை. படுத்தால் எழுந்திருக்க நேரமாகும் இல்லையா. சம்சாரத்திடம், “கொஞ்சம் மெஷினை நிறுத்தேன்” என்பார். அவள் காலை நிறுத்துவாள். தலையைச் சாய்த்துக் கேட்பார். “சரி, ஓட்டு” என்பார். இது ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. பாதித் தையலில் நிறுத்தினால் ரெக்ஸினில் ஊசி ஓட்டை பெரிதாகிவிடும், கவர் வீண். வீணான கவரைச் சுருட்டி மூலையில் போடுவாள். அந்தச் சுருளைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் அந்த வண்டி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. நான் நிம்மதியாகப் போயிற்று என்று நினைத்தேன், சொல்லவும் சொன்னேன்.

“வராம இருக்கறதுதாண்ணே பயமா இருக்கு” என்றார். “வர்றவரைக்கும் மெரட்டறான்னு அர்த்தம். வரலைன்னா ஏதோ முடிவு பண்ணிட்டான்னு அர்த்தம்.”

“நீங்களா எதையாவது நெனச்சுக்காதீங்க.”

“நானா எங்க நெனைக்கறேன்? கோர்ட்டுல இருந்து சம்மன் வந்திருச்சு.”

அந்த வாரம் அவர் சட்டைகளை இஸ்திரிக்குக் கொண்டுவந்த சம்சாரம் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து நீட்டினாள். இடுப்புப் பக்கம், உள்ளே, கையகலத்துக்கு ஒரு கறை.

“அண்ணே, இது என்ன கறை? எவ்வளவு தேச்சும் போகல.”

மெக்கானிக் சட்டை என்றால் கறை முழங்கையில் வரும், வயிற்றில் வரும், வெளியே வரும். உள்ளேயிருந்து வருகிற கறையை நான் பார்த்ததில்லை. முகர்ந்து பார்த்தேன். பட்டறை எண்ணெய் வாசனை இல்லை.

“அவருகிட்ட கேளும்மா.”

“கேக்க வேண்டியதில்ல. கையை வச்சுப் பாத்துட்டேன்.” அவள் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். “பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதாண்ணே. புள்ளையை வண்டியில முன்னாடி உக்கார வைக்கறதை நிறுத்தினாரே, அப்பவே எனக்கு உறுத்துச்சு.”

பழைய வண்டி வாங்கி விற்கிற தரகர் ஒருவர் ஒரு துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார். உன் நிலைமையைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கிறது, காரியம் முடியட்டும், திருப்பிக் கொடு என்று. பட்டறைக்குப் பட்டறை ஸ்பேனர் இரவல் போகிற மாதிரி அது வந்திருக்கிறது. ரெண்டு பேருமே நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள், அதுதான் எனக்கு இன்னமும் பொறுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவளே என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பெண் ஸ்கூலுக்குப் போயிருந்தது. வெளியே அனல், தகரம் கொதித்தது. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

“அண்ணன் முன்னாடியே கேக்கறேன். இடுப்புல இருக்கறதை எப்ப திருப்பிக் குடுக்கப் போறீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். நான் முட்டையை உரித்தேன்.

“கோர்ட்டுல சொல்லி முடிச்சதும் குடுத்துருவேன்.”

“அது வரைக்கும்?”

“அது வரைக்கும் சும்மா இருக்கும். நான் என்ன யாரையாவது சுடவா போறேன்? இருக்குன்னு தெரிஞ்சா கிட்ட வர மாட்டான்.”

“யாருக்குத் தெரியும்? நீங்க அதைச் சட்டைக்குள்ள வச்சிருக்கீங்க. எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? நாங்கதான் பயந்துட்டுக் கெடக்கறோம்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

“சரி, சிரிங்க. நான் எதிர்க்கட்சி மாதிரி பேசிட்டே இருக்கறேன். என் தம்பி வீட்டுக்குப் போயிருவோம்னு சொன்னா மாட்டேங்கறீங்க.”

“தம்பி வீட்டுக்கு நாம போகலாம். பட்டறை போகுமா? அங்க என்னை யாருக்குத் தெரியும்? கையில ஸ்பேனரை வச்சுக்கிட்டு ரோட்டோரம் நிக்கவா?”

“அப்ப பாக்கலைன்னு சொல்லிருங்க.”

அவர் கை தட்டிலேயே நின்றது. “பாத்தேனே” என்றார்.

“அத்தனை பேர் பாத்தாங்க. அவங்களுக்கெல்லாம் சோறு எறங்கலையா?”

“பழக்காரர் பொண்டாட்டி இங்க வந்தப்ப நீயும்தான இருந்த? என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, நீங்க ஒருத்தர்தாண்ணே சொன்னீங்கன்னு அழுதுச்சே. அதுகிட்டப் போயி நான் செருப்பைப் பாத்துட்டு இருந்தேன்னு சொல்லவா?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, “எனக்கு நீங்க பொழச்சு வரணும். வந்து, இந்த வீட்டுல இருக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம். அதைக் கையில வச்சுக்கிட்டு அது நடக்காதுன்னு எனக்குத் தோணுது. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல” என்றாள்.

“அது இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது.”

“நீங்க தூங்கறீங்க. நான் முழிச்சுட்டு இருக்கறேன்.”

கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்கள். இடுப்பில் வைக்கக் கூடாது. டூல்ஸ் பெட்டியில் அடித் தட்டில் வைத்து மூடிவிட வேண்டும். கோர்ட்டில் சொல்லி முடித்த அன்றைக்கே தரகர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் பெண் தலைமேல் சத்தியம் செய்கிறேன் என்றார். சத்தியமெல்லாம் வேண்டாம், சொன்னதைச் செய்யுங்கள் போதும் என்றாள். அன்றைக்கே பெட்டியில் வைத்தார், நானே பார்த்தேன். கனமான ஒன்றை இறக்கி வைத்த மாதிரி அவருக்கு நடையே மாறியது. சாயங்காலம் கம்ப்ரஸரை ஓட்டினார். எனக்கு அந்த உறுமல் அவ்வளவு பிடித்திருந்தது.

சாட்சி சொல்ல வேண்டிய நாள் நெருங்கியது. அந்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை, தெரு முழுக்கத் தண்ணீர். சாரல் அடித்ததால் பட்டறையில் ஷட்டரைப் பாதிக்கு இழுத்து விட்டிருந்தார்கள். நான் துணிகளுக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டுவிட்டு, இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, மழை விடட்டும் என்று நின்றேன். கரண்ட் போயிருந்தது. கம்ப்ரஸர் இல்லை. அவள் மெஷினும் ஓடவில்லை, உள்ளே இருட்டில் தைக்க முடியாது. மழை விட்டதும் தெருவில் ஒரு சத்தம் கிடையாது. கூரை சொட்டுவது மட்டும் கேட்டது.

அப்போது தெரு முனையில் அந்த வண்டி திரும்பியது. எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமல் இருக்குமா? படபடவென்று சைலன்ஸர், நடுநடுவே டேப்பெட். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெதுவாக வந்தது. ஓட்டி வந்தவர் மழைக்கோட்டு, ஹெல்மெட். ஹேண்டிலில் ஒரு சாப்பாட்டுப் பை தொங்கியது. நான் அந்தப் பையைப் பார்த்தேன். கொல்ல வருகிறவன் சாப்பாட்டுப் பையோடு வருவானா என்று ஒரு நினைப்பு ஓடியது. அது நினைப்பாக மாறி, வாய்க்கு வந்து, “ஏங்க” என்று நான் கத்துவதற்குள் வண்டி பட்டறை வாசலில் நின்றுவிட்டது.

பாதி இறங்கிய ஷட்டருக்கு உள்ளே இருப்பவருக்குச் சக்கரமும் கால்களும்தான் தெரிந்திருக்கும். வந்தவர் இன்ஜினை அணைக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை ரெண்டு தரம் முறுக்கினார்.

ஷட்டர் தகரத்தில் ஓட்டை விழுந்தது. துப்பாக்கிச் சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பலகை ஒன்று கீழே விழுந்த மாதிரிதான் கேட்டது. வந்தவர் வண்டியோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தார். வண்டி அவர் காலின்மேல் கிடந்தது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

காதுக்காரர் குனிந்து வெளியே வந்தார். முதலில் அவர் செய்தது சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்ததுதான். பழக்க தோஷம். அப்புறம் மண்டியிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார். நரைத்த தலை, நரைத்த மீசை, அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு மனிதர். மழைக்கோட்டுக்குள் காக்கிச் சட்டை, வாட்ச்மேன் சட்டை. கண் திறந்திருந்தது. உதடு ஏதோ சொல்லப் பார்த்தது, பேச்சு வரவில்லை.

காதுக்காரர் என் பக்கம் திரும்பினார். “அண்ணே, இது யாரு?” என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? அவர் சம்சாரம் ஓடிவந்து, சீட்டுக்குள் வைத்துத் தைக்கிற பஞ்சையெல்லாம் அள்ளி அந்த மனிதருடைய நெஞ்சில் வைத்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே, “பெரியவரே, இங்க பாருங்க, என்னைப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. காதுக்காரர் ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்து, “யாருன்னு கேளு, யாருன்னு கேளு” என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போலீஸ் உடனே வந்தது. அதே ஏட்டும் வந்தார். இந்தத் தடவை செக்‌ஷன் ஒன்றுக்கு மேலேயே இருந்தது. கொலைக்கு ஒன்று, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்கு ஒன்று. காதுக்காரர் எதையும் மறைக்கவில்லை. மழைக்குக் கரண்ட் போனபோது மனசு சரியில்லாமல் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன் என்று சொன்னார். கைவிலங்கு மாட்டும்போது ஏட்டின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பார்த்தே தீர்வேன் என்று பார்த்தேன். ஏட்டும் அழுதுவிட்டார். அழட்டும், அழுது என்ன ஆகப் போகிறது?

பழக்காரர் கேஸில் எதிர்த் தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபமாயிற்று. இருந்த ஒரே சாட்சி இப்போது கொலைக் கைதி. அவன் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டாராம். பழக்காரர் பொண்டாட்டி ஒரு தடவை வந்து, பூட்டிய ஷட்டர் முன்னால் நின்றுவிட்டுப் போனாள்.

செத்துப்போன பெரியவர் எதற்கு வந்தார் என்பது மட்டும் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. மிரட்ட ஆளை மாற்றி அனுப்பினார்கள் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். சமாதானம் பேச வந்தார் என்று சிலர். அவள் இதையே என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பாள். தையல் மெஷினை என் கடையின் பின்பக்கம் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தேன், பட்டறைக்குள் உட்கார அவளால் முடியவில்லை. மெஷினை ஓட்டிக்கொண்டே இருப்பாள், திடீரென்று காலை நிறுத்துவாள். “எதுக்கு வந்திருப்பாருண்ணே? மெரட்டத்தான் வந்தார்னு தெரிஞ்சாலாவது இவருக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும். ஜெயில்ல மனு போட்டுப் பாக்கறப்பெல்லாம் இதையேதான் கேக்கறாரு.”

வெயில் திரும்பவும் ஏறிய ஒரு மத்தியானம் ஒரு பையன் நடந்து வந்தான். இருபது வயது இருக்கும். ஒல்லி, பெரிய அளவுச் சட்டை, தாடி சரியாக முளைக்கவில்லை. பட்டறை எதிரே நின்று ஷட்டரில் இருந்த ஓட்டையையே பார்த்தான். பிறகு எங்கள் பக்கம் வந்தான்.

“இங்க மெக்கானிக் வீட்டு அக்கா…”

“நான்தான்” என்றாள் அவள். “நீ யாரு?”

“அன்னைக்கு… எறந்து போனது எங்கப்பா.”

நான் சட்டையைத் தேய்ப்பதை நிறுத்திப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். அவள் மெஷினை விட்டு எழுந்தாள். நெருங்கி வந்து, இடையில் மேசை மட்டும் இருக்கும்படி நின்றாள்.

“உங்கப்பா எதுக்கு இங்க வந்தாரு?”

“ரிப்பேருக்கு வந்தாருக்கா.”

“என்ன ரிப்பேர்?”

“வண்டி ரொம்ப சத்தம் போடுதுன்னு. அவரு ஒரு ஆஸ்பத்திரி கேட்டுல வாட்ச்மேன். உள்ள நோயாளிங்க தூங்கறாங்க, இந்த வண்டியை வச்சுக்கிட்டு உள்ள வராதய்யான்னு திட்டியிருக்காங்க. யாரோ சொல்லியிருக்காங்க, இந்தத் தெருவுல ஒருத்தர் இருக்காரு, முறுக்கிக் காட்டினாப் போதும், என்ன கோளாறுன்னு சொல்லிருவாரு, நியாயமா செய்வாருன்னு. அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்காரு. சாயங்காலம் சத்தமில்லாம வர்றேன் பாருன்னு.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அது உங்கப்பா வண்டியா?”

“இல்லக்கா. என் வண்டி.” அவன் தலையைத் தூக்கவில்லை. “அன்னைக்கு சிக்னல்ல ஓட்டினது நான்தான். குத்துவான்னு எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. பேசிட்டு வர்றேன்னுதான் கூட்டிட்டுப் போனான். அப்புறம் தெனம் உங்க தெருவுக்குப் போயி முறுக்கிட்டு வான்னான். மாட்டேன்னா என்னையும் மாட்டி விட்டுருவேன்னான். கொஞ்ச நாள்ல அதுக்கு மேல முடியாம, ஒரு பிரண்டு ரூமுல போயிப் பதுங்கிட்டேன். வண்டி வீட்டுல நின்னுச்சு. அப்பாவோட சைக்கிள் ஒடஞ்சு போச்சு. எடுத்துட்டாரு.”

“அவருக்கு இதெல்லாம் தெரியாதா?”

“வீட்டுல யாருக்கும் சொல்லலக்கா. பயந்துருவாங்கன்னு. அப்பா போன பெறகுதான் அம்மாகிட்ட சொன்னேன், நான் மாட்டிருவேன்னு அவங்க போலீஸ்ல வாயைத் தெறக்கல.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவரு உங்கப்பாவைச் சுடல” என்றாள். “உன்னைச் சுட்டாரு.”

“தெரியும்க்கா” என்றான். “கோர்ட்டுல வந்து சொல்லலாம்னு இருக்கறேன். நாங்க மெரட்டினதை. அவருக்குத் தண்டனை கொறையுமான்னு தெரியல. அம்மாதான் போய்ச் சொல்லுன்னாங்க.”

“சொன்னா அவன் உன்னை விடுவானா?”

“விட மாட்டான்.”

ஸ்டூலை எடுத்து வெளியே போட்டு, “உக்காருப்பா, தண்ணி குடி” என்றேன். அவன் உட்காரவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்ததும் சட்டென்று விலகி, சட்டையின் ஒரு பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டான். அந்தக் கையைத்தான் அவள் பார்த்தாள்.

“இடுப்புல என்ன?”

அவன் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

“எங்களைச் சுடவா வந்த?”

“ஐயோ, இல்லக்கா. சத்தியமா இல்லக்கா.”

“பின்ன எதுக்குடா அது?”

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். அப்பா விழுந்த இடத்தைப் பார்த்தான். “இந்தத் தெருவுக்கு வரப் பயமா இருந்துச்சுக்கா” என்றான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் புடவையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனிடம் இல்லாமல் என்னிடம் சொன்னாள்.

“அண்ணே, இவனை மொதல்ல போகச் சொல்லுங்க. பொண்ணு ஸ்கூல் விட்டு வர்ற நேரம்.”

அவன் போனான். வெயிலில் தெரு முனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனான்.